காற்றுத் துப்பாக்கி ஒலித்தணிப்பான்: அளவும் தேர்வும்

காற்றுத் துப்பாக்கி ஒலித்தணிப்பான் என்பது காற்றுத் துப்பாக்கியின் குழல்வாயில் பொருத்தப்பட்டு, சுடும்போது எழும் ஓசையைக் குறைக்கும் உருளை வடிவக் கருவியாகும். பேச்சு வழக்கில் இது சைலன்சர் எனப்படுகிறது. ஒரே நீளத்தில் மூடி முத்திரையிட்ட வகை, துண்டு துண்டாகச் சேர்த்து நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் அடுக்கு வகை என இது இரண்டு வகைப்படும். அடுக்கு வகையில் எத்தனை துண்டுகள் வேண்டும், எவ்வளவு விட்டம் வேண்டும், உள்துளை எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கான விடைகள் பள்ளி இயற்பியலில் படிக்கும் சில எளிய விதிகளில் அடங்கியுள்ளன. இந்தியாவில் இக்கருவி சட்டத்தின் பார்வையில் சாதாரணத் துணைக்கருவி அல்ல. அச்செய்தி இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்பட்டுள்ளது. இக்கருவியை வாங்க எண்ணுவோர் அப்பகுதியை முதலில் படிப்பது நல்லது.

பெயர்

சைலன்சர் என்ற சொல்லுக்கு 'ஓசையே இல்லாமல் செய்வது' என்பது பொருள். உண்மையில் எந்தக் கருவியும் துப்பாக்கி ஓசையை முழுவதுமாக நீக்குவதில்லை. அதனால் பிரித்தானியாவில் 'மாடரேட்டர்', அதாவது தணிப்பான், என்ற சொல் பெருவழக்கில் உள்ளது. தமிழில் ஒலித்தணிப்பான் என்று சொல்வது கருவியின் வேலையைச் சரியாகக் குறிக்கிறது. மோட்டார் சைக்கிளின் பின்புறம் உள்ள சைலன்சரும் இதே கொள்கையில் இயங்குவதால், அதை மனத்தில் கொண்டால் பின்வரும் விளக்கங்கள் எளிதில் விளங்கும்.

வரலாறு

காற்றுத் துப்பாக்கிகள் பழமையானவை. இத்தாலியரான ஜிராண்டோனி வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780ஆம் ஆண்டையொட்டிப் பயன்படுத்தத் தொடங்கியது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராய 1804இல் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவினரும் ஒரு காற்றுத் துப்பாக்கியை எடுத்துச் சென்றனர். புகை வராததும், வெடிமருந்துத் துப்பாக்கியைவிட ஓசை குறைவாக இருந்ததும் இவற்றின் சிறப்புகள்.

துப்பாக்கி ஒலித்தணிப்பானை வணிக அளவில் வெற்றிகரமாக உருவாக்கியவர் அமெரிக்கரான ஹைரம் பெர்சி மாக்சிம். இவர் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிமின் மகன். 1909இல் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரங்களின் ஓசையைக் குறைப்பதிலும் அவர் இதே சிந்தனையைப் பயன்படுத்தினார்.

ஓசை எங்கிருந்து வருகிறது?

ஒலித்தணிப்பானின் அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன், எந்த ஓசையை அது குறைக்கிறது என்பதை அறிய வேண்டும். காற்றுத் துப்பாக்கி சுடும்போது நான்கு இடங்களில் ஓசை எழுகிறது.

முதலாவது, குழல்வாய் ஓசை. ஈயக் குண்டின் பின்னால் அழுத்தப்பட்டிருந்த காற்று, குண்டு குழலை விட்டு வெளியேறிய நொடியில் திடீரென விரிகிறது. சோடா பாட்டிலைத் திறக்கும்போது கேட்கும் 'டப்' என்ற ஓசை இவ்வகையைச் சேர்ந்தது. ஒலித்தணிப்பான் குறைப்பது இந்த ஓசையை மட்டுமே.

இரண்டாவது, இயந்திர ஓசை. சுருள்வில் துப்பாக்கியில் வில் விரிவதும், பிஸ்டன் உருளையின் முனையில் மோதுவதும் உலோக ஓசையை எழுப்புகின்றன. முன்கூட்டியே காற்று நிரப்பப்பட்ட துப்பாக்கியில் சுத்தியல் போன்ற உறுப்பு வால்வைத் தட்டும் ஓசை உண்டு.

மூன்றாவது, குண்டு காற்றைக் கிழித்துச் செல்லும் ஓசை. குண்டின் வேகம் ஒலியின் வேகத்தைத் தாண்டினால் சாட்டை வீசியதைப் போன்ற 'சடார்' ஓசை எழும். இது குண்டு செல்லும் வழியெங்கும் உண்டாவதால், குழல்வாயில் எதைப் பொருத்தினாலும் குறையாது.

நான்காவது, குண்டு இலக்கில் மோதும் ஓசை. தகரத்தில் பட்டால் ஒரு விதமாகவும், மண் மேட்டில் பட்டால் வேறு விதமாகவும் கேட்கும்.

இவற்றில் எது பெரிது என்பது துப்பாக்கியின் வகையைப் பொறுத்தது. சுருள்வில் துப்பாக்கியில் ஒரு முறை சுடப் பயன்படும் காற்றின் அளவு குறைவு. இயந்திர ஓசையே பெரும்பங்கு. ஆகவே அதில் எவ்வளவு பெரிய ஒலித்தணிப்பானைப் பொருத்தினாலும் பயன் சிறிதளவே. காற்று நிரப்பப்பட்ட வகையில், ஏறத்தாழ 200 பார் அழுத்தம் வரை அடைக்கப்பட்ட உருளையிலிருந்து காற்று வருவதால் குழல்வாய் ஓசையே முதன்மையானது. அங்குதான் ஒலித்தணிப்பானுக்கு வேலை இருக்கிறது.

நீலகிரி மாவட்டத்தில் ஜெகதளாவை ஒட்டியுள்ள அருவங்காட்டில் 1904இல் தொடங்கப்பட்ட கார்டைட் தொழிற்சாலை உள்ளது. கார்டைட் என்பது கயிறு போன்ற வடிவில் செய்யப்படும் புகை குறைந்த வெடிமருந்து. அது எரியும்போது மிகுந்த வெப்பமும் பேரளவு வாயுவும் உண்டாகின்றன. காற்றுத் துப்பாக்கியில் எதுவும் எரிவதில்லை. அதனால் அதன் ஒலித்தணிப்பான் இலேசான அலுமினியத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்யப்பட்டிருக்கும். வெடிமருந்துத் துப்பாக்கியின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அது தாங்காது; அதில் பொருத்தினால் வெடித்துச் சிதறி, சுடுபவரையே காயப்படுத்தும்.

செயல்படும் முறை

ஒலித்தணிப்பானின் உள்ளே முதலில் ஒரு வெற்றறை இருக்கும். அதையடுத்து நடுவில் துளையுள்ள தடுப்புத் தட்டுகள் வரிசையாக அமைந்திருக்கும். குண்டு நேர்க்கோட்டில் துளைகள் வழியே சென்றுவிடும். பின்னால் வரும் காற்று அறைகளில் பரவி, தட்டுகளில் மோதித் திரும்பி, வேகம் குறைந்து, சற்றுக் காலம் தாழ்த்தி வெளியேறும். ஒரே நொடியில் வெளியேற வேண்டிய காற்று சிறிது சிறிதாக வெளியேறுவதால் ஓசை தணிகிறது. சில வகைகளில் சுவரை ஒட்டிப் பஞ்சு போன்ற ஒலி உறிஞ்சும் பொருளும் வைக்கப்பட்டிருக்கும்.

ஆகவே இக்கருவியின் வெற்றியை மூன்று கூறுகள் தீர்மானிக்கின்றன: காற்று விரிவதற்கான இடம், காற்று தப்பிச் செல்லும் துளையின் அளவு, துளைகள் குழலோடு ஒரே நேர்க்கோட்டில் இருப்பது.

கொள்ளளவு: எத்தனை துண்டுகள் போதும்?

அடுக்கு வகை ஒலித்தணிப்பானைப் பற்றிய பொதுவான எண்ணம், துண்டுகள் கூடக் கூட ஓசை அதே அளவில் குறைந்துகொண்டே போகும் என்பது. இது சரியல்ல. பாயில் விதியைக் கொண்டு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாக, 4.5 மில்லிமீட்டர் துளையும் 50 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழலை எடுத்துக்கொள்வோம். அதன் உட்கொள்ளளவு ஏறத்தாழ 8 கன சென்டிமீட்டர். குண்டு வெளியேறும் நொடியில் குழலில் உள்ள காற்றின் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 20 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒலித்தணிப்பானின் உள்விட்டம் 30 மில்லிமீட்டர். அடிப்பகுதியின் நீளம் 100 மில்லிமீட்டர். ஒவ்வொரு கூடுதல் துண்டும் 50 மில்லிமீட்டர். தட்டுகள் அடைக்கும் இடத்தையும் வெப்பநிலை மாற்றத்தையும் விட்டுவிட்டால், காற்று உள்ளே பரவிய பின் இருக்கும் அழுத்தம் பின்வருமாறு அமையும்.

- அடிப்பகுதி மட்டும், 71 கன சென்டிமீட்டர்: வளிமண்டலத்தைப் போல் 2.9 மடங்கு
- ஒரு துண்டு சேர்த்தால், 106 கன சென்டிமீட்டர்: 2.3 மடங்கு
- இரண்டு துண்டுகள் சேர்த்தால், 141 கன சென்டிமீட்டர்: 2.0 மடங்கு
- மூன்று துண்டுகள் சேர்த்தால், 177 கன சென்டிமீட்டர்: 1.8 மடங்கு

அடிப்பகுதி மட்டுமே அழுத்தத்தை 20 மடங்கிலிருந்து மூன்றுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது. முதல் கூடுதல் துண்டு 0.6 மடங்கைக் குறைத்தது. அடுத்தது 0.3, அதற்கடுத்தது 0.2 மட்டுமே. ஒவ்வொரு துண்டுக்கும் ஆகும் பணமும் எடையும் ஒன்றுதான். கிடைக்கும் பலன் மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது. மேலும் ஓரளவுக்குப் பின் துப்பாக்கியின் இயந்திர ஓசையே குழல்வாய் ஓசையைவிடப் பெரிதாகக் கேட்கும். அந்த நிலைக்குப் பின் துண்டுகளைச் சேர்ப்பதால் காதுக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

நீளமா, விட்டமா?

உருளையின் கொள்ளளவு நீளத்தோடு நேர்விகிதத்திலும், விட்டத்தின் இருமடியோடு நேர்விகிதத்திலும் கூடுகிறது. நீளத்தை 100இலிருந்து 150 மில்லிமீட்டராக்கினால் கொள்ளளவு ஒன்றரை மடங்காகும். நீளத்தை மாற்றாமல் உள்விட்டத்தை 30இலிருந்து 40 மில்லிமீட்டராக்கினால் கொள்ளளவு ஏறத்தாழ 1.8 மடங்காகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், 100 மில்லிமீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட குட்டையான கருவி அழுத்தத்தை 2.1 மடங்காகக் குறைக்கும். மெலிந்த வகையில் கிட்டத்தட்ட இரண்டு துண்டுகள் சேர்த்தால் கிடைக்கும் பலன் இது.

ஆனால் விட்டத்துக்கும் எல்லை உண்டு. குழலின் மேலுள்ள முன்குறியைக் கொண்டு குறிபார்க்கும் துப்பாக்கியில், அக்குறி குழல் மையத்திலிருந்து 15 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், 40 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள கருவி 20 மில்லிமீட்டர் மேலெழுந்து குறியை மறைத்துவிடும். ஸ்கோப் பொருத்திய துப்பாக்கியில் அதன் மையம் பொதுவாக இன்னும் உயரத்தில் இருப்பதால் இச்சிக்கல் குறைவு.

உள்துளை

காற்றுத் துப்பாக்கிக் குண்டுகள் 4.5, 5.5, 6.35 மில்லிமீட்டர் எனப் பல அளவுகளில் உள்ளன. தட்டுகளின் துளை குண்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது. குண்டைவிட ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பது வழக்கமான அளவு.

எல்லா அளவுக் குண்டுகளுக்கும் பொருந்தும் என்று சொல்லி 8 மில்லிமீட்டர் துளையுள்ள கருவிகள் விற்கப்படுவதுண்டு. 6 மில்லிமீட்டர் துளையின் பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் துளையின் பரப்பு 50 சதுர மில்லிமீட்டர். அதாவது 4.5 மில்லிமீட்டர் குண்டுக்கு இந்தப் பொதுக் கருவியைப் பயன்படுத்தினால், காற்று நேராகத் தப்பும் வழி 1.8 மடங்கு அகலமாகிவிடுகிறது. துண்டுகளைச் சேர்த்துப் பெற்ற பலனை இது பெருமளவு அழித்துவிடும்.

இதற்கு மாறான தவறு ஆபத்தானது. 5.5 மில்லிமீட்டர் குண்டை 4.5 மில்லிமீட்டருக்கான கருவி வழியே சுட்டால் குண்டு தட்டில் உரசும் அல்லது உள்ளேயே சிக்கும். தட்டு உடைந்து துண்டுகள் தெறிக்கவும் கூடும்.

நேர்க்கோடும் மரையும்

ஒலித்தணிப்பான் குழல் முனையில் உள்ள மரையில் திருகப்படுகிறது. அரை அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 சுற்றுகளும் கொண்ட மரை காற்றுத் துப்பாக்கிகளில் பரவலாகக் காணப்படுகிறது. வேறு அளவுகளும், மரையே இல்லாத குழல்களும் உண்டு. மரை அளவு பொருந்தாதபோது இணைப்பு வளையங்கள் பயன்படுத்தப்படுகின்றன. ஒவ்வொரு இணைப்பும் ஒரு சிறு சாய்வுக்கு இடம் தருகிறது.

இந்தச் சாய்வு எவ்வளவு முக்கியம் என்பதையும் கணக்கிடலாம். கருவி குழலோடு 0.3 பாகை சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். கண்ணுக்கு இச்சாய்வு தெரியாது. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள கருவியின் முனையில் துளை 0.52 மில்லிமீட்டர் விலகியிருக்கும். 150 மில்லிமீட்டரில் விலகல் 0.79, 200 மில்லிமீட்டரில் 1.05. குண்டு 4.5, துளை 6 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு பக்கமும் உள்ள இடைவெளி 0.75 மில்லிமீட்டர். எனவே முதல் அளவில் குண்டு தொடாமல் செல்லும். இரண்டாவது அளவில் உரசும். மூன்றாவதில் தட்டில் மோதும்.

அடுக்கு வகையின் அடிப்படைச் சிக்கல் இதுதான். நீளம் கூடக் கூட நேர்த்தியும் கூட வேண்டும். ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரு புதிய இணைப்பைக் கொண்டுவருவதால் நேர்த்தி குறைகிறது. நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த துப்பாக்கி திடீரெனக் குறி தவறினால், கடைசித் தட்டின் துளை விளிம்பில் ஈயத் தடம் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். குண்டு இல்லை என்று உறுதி செய்து, கருவியைக் கழற்றிய பின்னரே இதைச் செய்ய வேண்டும். எக்காரணம் கொண்டும் குழல்வாயை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது.

எடையும் சமநிலையும்

குழல் முனையில் சேரும் எடை, நெம்புகோலின் நீண்ட கையில் சேரும் எடையாகும். தாங்கும் கைக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் உள்ள 150 கிராம், கைக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் உள்ள 900 கிராமுக்குச் சமமான சுழற்சி விளைவைத் தரும். சிறு எடையே துப்பாக்கியை முன்பக்கம் தாழ்த்துவதற்கு இதுவே காரணம். குழல் அதிரும் விதமும் மாறுவதால், ஒலித்தணிப்பானைப் பொருத்தினாலும், கழற்றினாலும், ஒரு துண்டைச் சேர்த்தாலும் குண்டு படும் இடம் மாறும். ஒவ்வொரு முறையும் குறியைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும்.

குழலை மடித்து வில்லை இறுக்கும் வகைத் துப்பாக்கியில் சிலர் கருவியையே கைப்பிடியாகப் பிடித்து இழுப்பதுண்டு. அடுக்கு வகையில் இது மரையை வளைத்துவிடும்.

ஒலியின் வேகமும் மலைக் குளிரும்

காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ நொடிக்கு 349 மீட்டர். 10 பாகையில் 337 மீட்டர். உயரம் கூடுவதால் காற்றழுத்தம் குறைந்தாலும், ஒலியின் வேகத்தை மாற்றுவது அழுத்தம் அன்று, வெப்பநிலையே. எனவே சமவெளியில் ஒலியின் வேகத்தைத் தாண்டாத ஓர் இலேசான குண்டு, குன்னூர்ப் பக்கத்தின் குளிர்ந்த காலையில் தாண்டிவிடக் கூடும்.

20 ஜூல் ஆற்றலில் 0.53 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 275 மீட்டர் வேகத்தில் செல்லும். இது ஒலியின் வேகத்தைவிடக் குறைவு. அதே ஆற்றலில் 0.35 கிராம் குண்டு 338 மீட்டர் வேகத்தை எட்டும். அதாவது 10 பாகைக் குளிரில் அது ஒலித்தடையின் விளிம்பில் இருக்கிறது. இந்நிலையில் பெரிய ஒலித்தணிப்பானை வாங்குவதைவிடச் சற்றுக் கனமான குண்டைப் பயன்படுத்துவதே ஓசையைக் குறைக்கும்.

மலைப் பள்ளத்தாக்குகளில் இன்னொரு விளைவும் உண்டு. உறைபனிக் காலத்தின் தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும். அதற்கு மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். இவ்வமைப்பு மேலே செல்லும் ஒலியைக் கீழ்நோக்கி வளைக்கிறது. ஆகவே ஜெகதளா, அருவங்காடு, கேத்தி போன்ற பள்ளத்தாக்கு ஊர்களில் ஒரு சரிவில் எழும் ஓசை எதிர்ச்சரிவில் தெளிவாகக் கேட்பதுண்டு. தட்டையான வெளியில் தூரம் இருமடங்காகும்போது ஒலி 6 டெசிபெல் குறையும் என்ற பாடநூல் கணக்கு இத்தகைய இரவுகளில் அப்படியே பொருந்தாது.

விளையாட்டில்

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் 4.5 மில்லிமீட்டர் குண்டு மட்டுமே பயன்படுகிறது. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இப்போட்டியில் வென்றதே, இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பைப் போட்டியில் பெண்கள் பிரிவில் தங்கம் வென்றார்.

பன்னாட்டுப் போட்டி விதிகள் குழலிலும் அதன் நீட்சிக் குழாயிலும் துளைகள் இருப்பதை அனுமதிப்பதில்லை. காற்றைத் திசைதிருப்பும் குழல்வாய்க் கருவிகளுக்கும் தடை உண்டு. துப்பாக்கியின் எடை 5.5 கிலோகிராமைத் தாண்டக் கூடாது. ஆகவே போட்டிக்குப் பயிலும் மாணவருக்கு ஒலித்தணிப்பான் தேவைப்படும் பொருளன்று. பயிற்சி அரங்கில் ஓசையைக் குறைக்கச் செவிக்காப்பும், சுவரில் ஒலி உறிஞ்சும் பலகைகளும், குண்டைத் தாங்கும் இலக்குப் பெட்டியும் போதுமானவை.

இந்தியச் சட்டம்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வெடிமருந்தாலோ வேறு வகை ஆற்றலாலோ எறிபொருளைச் செலுத்தும் கருவிகளைச் சுடுபடைக்கலம் என்று வரையறுக்கிறது. 'வேறு வகை ஆற்றல்' என்பதில் அழுத்தப்பட்ட காற்றும் அடங்கும். அதே வரையறை, சுடும்போது எழும் ஓசையையோ ஒளியையோ குறைப்பதற்காக அமைக்கப்பட்ட துணைக்கருவியையும் சுடுபடைக்கலம் என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்துள்ளது. அதாவது உள்ளே வெற்றறையும் தட்டுகளும் மட்டுமே உள்ள அந்தக் குழாய், சட்டத்தின் பார்வையில் துப்பாக்கிக்குச் சமமானது.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல்வாய் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்பட்ட அல்லது துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். இவ்வரம்புக்குள் அமைந்தவற்றை வாங்குபவருக்கு உரிமம் தேவையில்லை. இந்த விலக்கு துப்பாக்கிக்கு உரியது. துப்பாக்கிக்கு விலக்கு இருப்பதால் அதன் ஒலித்தணிப்பானுக்கும் விலக்கு உண்டு என்று கருதிவிடக் கூடாது. உரிமமின்றிச் சுடுபடைக்கலம் வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்குவதும், பட்டறையில் கடைந்து செய்துகொள்வதும் இந்த நிலையை மாற்றாது. ஐயம் உள்ளவர்கள் மாவட்ட உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்வதே பாதுகாப்பான வழி.

பிற நாடுகளின் நிலை வேறு. பிரித்தானியாவின் இங்கிலாந்து, வேல்சுப் பகுதிகளில் ஏறத்தாழ 16 ஜூலுக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கியைப் பெரியவர்கள் உரிமமின்றி வைத்திருக்கலாம். அவற்றுக்கான ஒலித்தணிப்பானும் கடையில் வெளிப்படையாக விற்கப்படுகிறது. ஸ்காட்லாந்தில் 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். அயல்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து வாங்க முற்படுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுவதே பல சிக்கல்களுக்குத் தொடக்கமாகிறது.

காட்டுயிரும் காற்றுத் துப்பாக்கியும்

நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களும் காய்கறி நிலங்களும் சோலைக் காடுகளை ஒட்டியே உள்ளன. காட்டுமாடு தேயிலைச் சரிவில் மேய்வதும், குரங்குகள் வீட்டுக்குள் புகுவதும், காட்டுப்பன்றி உருளைக்கிழங்கைக் கிளறுவதும் அங்கே அன்றாட நிகழ்வுகள். இழப்பைச் சந்திக்கும் சிறு விவசாயிக்குக் காற்றுத் துப்பாக்கி எளிய தீர்வாகத் தோன்றலாம். அண்டை வீட்டாருக்குக் கேட்காமல் இருக்க ஒலித்தணிப்பானும் வேண்டும் என்ற எண்ணம் அதைத் தொடர்ந்து வரலாம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வதை மட்டும் குறிப்பதில்லை. காயப்படுத்துவதும் வேட்டையே. காட்டுமாடு, நீலகிரி வரையாடு, கருமந்தி ஆகியவை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. காற்றுத் துப்பாக்கிக் குண்டு பெரிய விலங்கைக் கொல்லாது. தோலுக்குள் தங்கிப் புண்ணாகும். காயப்பட்ட விலங்கு அடுத்து எதிர்ப்படும் மனிதரைத் தாக்கவும் கூடும். அம்மனிதர் பெரும்பாலும் அதிகாலையில் தோட்டத்துக்கு நடந்து செல்லும் தொழிலாளியாக இருப்பார். பயிர் சேதத்துக்கு வனத்துறையிடம் மனுக் கொடுத்து இழப்பீடு கோரும் முறை இருப்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

நீலகிரிக்கு இத்துறையில் நீண்ட மரபு உண்டு. கட்டற்ற வேட்டையைத் தடுக்க 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அச்சங்கம் பிற்காலத்தில் காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பாக மாறியது. அண்மைக் காலத்தில் அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் தொடங்கிய காற்றுத் துப்பாக்கி ஒப்படைப்பு இயக்கத்தில் ஊர் மக்கள் தாமாகவே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசிடம் கொடுத்தனர். பறவைகள் அருகிவருவதைக் கண்டதே இவ்வியக்கத்துக்குக் காரணம்.

துப்பாக்கி ஓசைக்கு ஒரு பயனும் இருக்கிறது. அது எச்சரிக்கை. தேயிலைச் செடிகளுக்கிடையே குனிந்து கொழுந்து பறிப்பவர் தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியமாட்டார். யாரோ சுடுகிறார்கள் என்று அவர் அறிவது ஓசையால்தான். 4.5 மில்லிமீட்டர் குண்டு ஒரு கண்ணின் பார்வையைப் போக்கப் போதுமானது. பின்னால் மண் மேடோ சுவரோ இல்லாத இலக்கை நோக்கிச் சுடக் கூடாது என்ற முதல் விதி, ஓசை தணிந்த துப்பாக்கிக்கு இருமடங்கு பொருந்தும்.

தொகுப்பு

சட்டம் அனுமதிக்கும் இடங்களில் அடுக்கு வகை ஒலித்தணிப்பானின் அளவைத் தேர்வதற்குரிய வரிசை பின்வருமாறு.

- துப்பாக்கி எந்த வகை என்று பார்ப்பது. சுருள்வில் வகையாயின் பயன் குறைவு.
- குண்டின் வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே உள்ளதா என்று அறிவது.
- குண்டின் அளவுக்கு ஏற்ற துளையைத் தேர்வது. எல்லாவற்றுக்கும் பொதுவானதைத் தவிர்ப்பது.
- குறிகாட்டி மறையாத அளவுக்கு விட்டத்தைக் கூட்டி, நீளத்தைக் குறைப்பது.
- அடிப்பகுதியில் தொடங்கி ஒவ்வொரு துண்டாகச் சேர்த்து, காதுக்கு வேறுபாடு தெரியாத இடத்தில் நிறுத்திவிடுவது.
- ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் நேர்க்கோட்டையும் குறியையும் சரிபார்ப்பது.

மிகப் பெரியது மிகச் சிறந்தது என்பது இக்கருவிக்குப் பொருந்தாது. தேவையான ஓசைக் குறைப்பைத் தரும் மிகச் சிறிய அளவே சரியான அளவு. இந்தியாவில் உள்ள வாசகருக்கு இவ்வரிசையின் தலைப்பில் இன்னொரு படி உண்டு: சட்டத்தின் அனுமதி. அது இல்லாத இடத்தில் சரியான அளவு என்ற கேள்விக்கே இடமில்லை.